கணக்கில் வராத மணிநேரம்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமான டிக்கெட் எடுத்திருந்த யாரும் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் இண்டிகோ விமானங்கள் ரத்தாகிக்கொண்டே போயின. 5ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களும் இன்டர்வியூவுக்குக் கிளம்பியவர்களும் விமான நிலையத் தரையிலேயே படுத்துக் கிடந்தார்கள். விமானிகள் போதவில்லை என்று செய்தி வந்தது. அது பாதி உண்மைதான். புதிய ஓய்வு விதிகளின்படி எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிறுவனம் அரசுக்கு ஒரு கணக்குக் கொடுத்தது. அதன்படி கேப்டன்கள் 2,422 பேர் தேவை, இருந்தவர்கள் 2,357. துணை விமானிகள் 2,153 பேர் தேவை, இருந்தவர்கள் 2,194. கேப்டன்களில் 65 பேர் குறைவு. துணை விமானிகளிலோ 41 பேர் கூடுதல்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோர் இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களில் வேறு எண்கள்தான் இருக்கும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்குக் கொடுத்தது, இன்னும் 15, 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் வேண்டும் என்று மத்திய அமைச்சரே சொல்கிறார் என்பவை அவை. எதுவும் பொய்யில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கியவர் நேராகக் கேப்டன் ஆவதில்லை. வலது பக்க இருக்கையில் துணை விமானியாகச் சில ஆண்டுகள் இருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் ஒரு பகுதி, வானத்துக்கே போகாமல் போன் அழைப்புக்குக் காத்திருப்பதில் கழியும். அந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

ஸ்டாண்ட்பை நாள்

விமானிகளுக்கு மாதாமாதம் ரோஸ்டர் வரும். எந்த நாளில் எந்த விமானம், எந்த ஊரில் தங்கல், எந்த நாள் விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். சில நாட்களுக்கு எதிரே விமான எண் இருக்காது, ஸ்டாண்ட்பை என்று மட்டும் இருக்கும். யாருக்காவது காய்ச்சல் வரலாம், மூடுபனியில் ஒரு விமானம் டெல்லியில் மாட்டிக்கொள்ளலாம், தாமதத்தால் ஒருவருடைய பணி நேர வரம்பு முடிந்துபோகலாம். அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்டாண்ட்பை. சில நாட்கள் விமான நிலையத்துக்கே சீருடையில் போய் உட்கார வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் இருக்கலாம். ஆனால் க்ரூ கன்ட்ரோலில் இருந்து போன் வந்ததும் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

வீட்டில்தானே இருக்கிறார் என்று நமக்குத் தோன்றும். எந்த வீடு என்பதுதான் விஷயம். பெரிய நிறுவனங்களின் முக்கியத் தளங்கள் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை. மதுரையில் விமானம் இறங்கி ஏறினாலும், இராஜபாளையத்துப் பையன் பெங்களூரில் அறை எடுத்துத் தங்கித்தான் ஸ்டாண்ட்பை பார்க்க வேண்டும். சொந்த ஊரில் இருந்துகொண்டு போனை எதிர்பார்க்க முடியாது. மதுரை விமான நிலையத்துக்கே இங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆடிப்பூரத் தேரன்று ரோஸ்டரில் ஸ்டாண்ட்பை விழுந்துவிட்டால், ஒரு விமானமும் ஓட்டாமல் அந்த நாள் முழுக்க வாடகை அறையில் தனியாகக் கழிந்துவிடலாம். வெளியே போக யோசிக்க வேண்டும், ஒரு சினிமாவுக்குப் போகவும் யோசிக்க வேண்டும். தூங்கலாம் என்றால், எப்போது போன் வரும் என்று தெரியாமல் வரும் தூக்கம் தூக்கமாக இருப்பதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டாம். பஞ்சாலைகளில் பதிலித் தொழிலாளர்கள் இருந்ததை இராஜபாளையத்தில் எந்தக் குடும்பமும் அறியும். ஷிப்டு தொடங்கும் முன் மில் கேட்டில் வந்து நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள், எல்லோரும் வந்துவிட்டால் சோற்று வாளியோடு திரும்பிப் போக வேண்டியதுதான். கேட்டில் நின்ற நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று நம் தொழிற்சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் லே-ஆஃப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். ஷிப்டு நேரத்துக்கு வந்து நின்ற தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரவில்லையென்றால் அன்று அவருக்கு லே-ஆஃப் என்று வைத்து, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தர வேண்டும் என்றன அந்தப் பிரிவுகள். பதிலித் தொழிலாளியை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தது அதே சட்டம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்து முடித்த பிறகே அவர் பதிலி என்ற கணக்கில் இருந்து வெளியே வந்தார்.

துணை விமானியின் சம்பளம் பதிலித் தொழிலாளியின் கூலியைப் போலப் பல மடங்கு என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தின் நட்டத்தை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எழுபதும் நாற்பதும்

விமானிகளின் மாத வருமானத்தில் பெரும்பகுதி பறந்த மணிநேரத்தைப் பொறுத்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்று ஒப்பந்தத்தில் ஓர் எண் இருக்கும். ஸ்டாண்ட்பையில் அதிக நாள் கழிப்பவருக்கு அந்த எண்தான் சோறு போடும்.

அந்த எண்ணைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை 2024இல் பார்த்தோம். ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாரா நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய சம்பள ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் 70 மணி நேரமாக இருந்த உறுதி 40 ஆனது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் துணை விமானிகள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பலர் உடம்பு சரியில்லை என்று வராமல் போக, விமானங்கள் ரத்தாயின, நாளுக்கு 25 முதல் 30 விமானங்கள்வரை நிறுவனம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. ரோஸ்டரை மிகவும் இழுத்துப் பிடித்துவிட்டோம் என்ற பொருளில் அதன் தலைமை நிர்வாகி வினோத் கண்ணனே பேசினார். கூடுதல் ஆட்களைக் கையில் வைத்திருக்கவில்லை, இருந்தவர்களின் உறுதிச் சம்பளத்தையும் குறைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாலு பேர் வராத அன்று விமானம் நிற்கத்தான் செய்யும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் ரிசர்வில், அதாவது அங்கத்திய ஸ்டாண்ட்பையில், இருக்கும் விமானிக்கு மாதம் 70 மணி நேரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ உறுதி தரும் ஒப்பந்தங்களைச் சங்கங்கள் பேசி வாங்கியிருக்கின்றன.

நாற்பதுக்கும் எழுபதுக்கும் உள்ள வேறுபாடு சம்பளத்தோடு நிற்பதில்லை. வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டன் ஆவதற்கான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம். நடுவில் இருப்பது 1,300. மாதம் 70 மணி நேரம் பறப்பவர் அதை ஒன்றரை ஆண்டு கடந்ததும் தொட்டுவிடுவார். 40 மணி நேரம் பறப்பவருக்கு இரண்டேமுக்கால் ஆண்டு ஆகும். கேப்டன் பதவிக்கு நிறுவனங்கள் தாங்களாக வைத்திருக்கும் வரம்பு இதற்கும் மேலே, ஆகவே இடைவெளி இன்னும் விரியும். ஸ்டாண்ட்பை பார்த்த நாட்கள் லாக்புக்கில் ஏறுவதில்லை. மூன்று மாதத்துக்குள் மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்காவிட்டால் மறுபடி சிமுலேட்டரில் செய்துகாட்டிய பிறகுதான் பயணிகளோடு பறக்க முடியும். பறக்காத துணை விமானிக்குச் சம்பளமும் குறைகிறது, பதவி உயர்வும் தள்ளிப்போகிறது, கையில் பழகிய திறமையும் மங்குகிறது.

டிசம்பர் கணக்குக்கு இப்போது திரும்பினால் முடிச்சு தெரியும். கேப்டன் இல்லாமல் துணை விமானி மட்டும் விமானத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. கேப்டன்கள் 65 பேர் குறைவு என்றால் துணை விமானிகளில் பலர் அழைப்பு வராமலே இருப்பார்கள். பறந்தால்தான் கேப்டன் ஆக முடியும், கேப்டன் இருந்தால்தான் பறக்க முடியும். இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டியது நிறுவனங்கள். பயிற்சியாளர்களையும் சிமுலேட்டர் நேரத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி, துணை விமானிகளைக் கேப்டன்களாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் செலவாகும். செய்யாத செலவின் பலனைத்தான் பயணிகள் டிசம்பரில் அனுபவித்தார்கள்.

விழித்திருந்த நேரம்

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கக் கூடாது. அதிகாலை 4 மணிக்கு ஸ்டாண்ட்பை தொடங்குகிறது என்று வையுங்கள். மனுஷர் மூன்றரைக்கே எழுந்துவிடுவார். பகல் முழுக்க அழைப்பு இல்லை. பிற்பகல் 2 மணிக்குப் போன் வருகிறது. மாலையில் கிளம்பும் விமானத்தில் ஏறி, வேறொரு ஊருக்குப் போய், இரவு 10 மணிக்கு ஓடுபாதையில் இறங்கும்போது அவர் விழித்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் நாட்டில் கார் ஓட்டுபவருக்கே சட்ட வரம்பு 0.03 சதவீதம். பறப்பதற்கு முன் விமானியை ஊதச் சொல்லிச் சோதிக்கிறார்கள், மிகச் சரி. எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று காட்ட எந்தக் கருவியும் கிடையாது. அங்கே விதி ஒன்றுதான் காவல்.

ஐரோப்பிய விதியில் விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் முழுதும் பணி நேரமாகச் சேரும். வீட்டில் காத்திருப்பதில் கால் பங்கு மட்டும். அமெரிக்காவில் குறுகிய நேர அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசர்வ் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மற்றொரு வகை ரிசர்வில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கிடைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவது வகை நியாயமானது, தூங்கிவிட்டு வர முடியும். நம் நாட்டிலும் வீட்டு ஸ்டாண்ட்பை பணி நேரத்தில் முழுதாகச் சேராது, ஒரு பகுதிதான் சேரும்.

அமெரிக்க விதிக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. 24 வயதுத் துணை விமானி சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர். முதல் நாள் இரவு சரக்கு விமானங்களில் ஏறி நாட்டின் மறுகோடிக்கு வந்து, விமானிகள் அறையில் கண்ணயர்ந்துவிட்டு வேலைக்கு ஏறியிருந்தார். அவருடைய சம்பளத்தில் வேலை பார்க்கும் ஊரில் வீடு எடுக்க முடியாது. இறந்தவர்களின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டனுக்கு நடந்தார்கள். 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

நம் பக்கத்தில் மங்களூரு. 2010 மே 22 அதிகாலை துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பதிவாகியிருந்த இரண்டு மணி ஐந்து நிமிட ஒலியில் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார். விழித்தபின் விமானம் சரியான உயரத்தில் இல்லை. தரையிறக்க வேண்டாம், மறுபடி மேலே எடுங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதும் பதிவாகியிருக்கிறது. வலது இருக்கைக்காரர் வெறும் உதவியாள் இல்லை. இறங்கும் விமானத்தில் தவறைக் கண்டு சொல்லும் இரண்டாவது மூளை அவர். அந்த மூளை ஓய்ந்துபோய் வந்திருந்தால் சொல்ல ஆளே இல்லை.

2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில், விமானம் ஏறப் போன ஒரு கேப்டன் வாசலிலேயே சரிந்து இறந்தார். விமானிகளின் களைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. 2024 ஜனவரி 8 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆனது. இரவு என்பது காலை 6 மணிவரை என்று நீண்டது. ஒரு பணியில் ஆறு இரவுத் தரையிறக்கம்வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. ஜூன் 1இல் நடைமுறைக்கு வர வேண்டியதை நிறுவனங்கள் தள்ளிவைக்க வைத்தன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் விடாமல் நின்றதால்தான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அவை வந்தன. ஐந்தாவது வாரத்தில் டிசம்பர் குழப்பம். உடனே இண்டிகோவுக்கு இரவுப்பணி விதிகளில் 2026 பிப்ரவரி 10வரை விலக்குக் கிடைத்தது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற கட்டளையும் திரும்பப் பெறப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தும் ஆள் சேர்க்காத நிறுவனத்துக்கு விதியே வளைந்துகொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுப் பத்திரம்

இனி குடும்பக் கணக்கு. இந்தியாவில் லைசென்ஸ் வாங்கும்வரை செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டும்; ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சியும் சேர்ந்தால், நிறுவனங்களின் கேடட் திட்டமாக இருந்தால், ஒரு கோடியைத் தொடும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றாலே வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். ஆக, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவரும், மம்சாபுரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவரும் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் இந்தப் படிப்புக்குப் பணம் எடுக்க வேண்டும். ஐம்பது லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றால், அசலைத் தொடாமலே மாதம் ஏறத்தாழ 41,700 ரூபாய். நாற்பது மணி நேரச் சம்பளத்தில், பெங்களூரு வாடகை போக, அதைக் கட்ட வேண்டும். வேலை கிடைத்தவர் கதை இது. 2023இல் மட்டும் 1,622 பேர் வணிக விமானி லைசென்ஸ் வாங்கினார்கள். அத்தனை பேருக்கும் அந்த ஆண்டிலேயே இருக்கை இருக்கவில்லை.

நிறுவனங்கள் விழுவதையும் நினைவில் வைக்க வேண்டும். மதுரைப் பஞ்சாலைக் குடும்பத்தில் வந்த எம். தியாகராஜன் 2005இல் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸ் 2010இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்த கேப்டன்கள் பலருக்கு வேறு இடம் கிடைத்தது. குறைந்த மணி நேரம் வைத்திருந்த துணை விமானிகள் நீண்ட நாள் திண்டாடினார்கள். ஸ்டாண்ட்பையில் கழிந்த மாதங்கள் அங்கேயும் கணக்குக்கு வந்துவிடுகின்றன.

இவ்வளவும் சொல்லி, விமானியாகாதே என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல வேலை, மரியாதையான வேலை. உலகில் பெண் விமானிகள் விகிதம் அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. கேப்டன்கள் குறைவாக இருப்பதே, வரிசையில் நிற்கும் துணை விமானிக்கு நாளை இடம் உண்டு என்பதற்கு அடையாளம். வரிசை எவ்வளவு வேகமாக நகரும் என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வேலைக்கான கடிதம் கையில் வரும்போது மகனோ மகளோ சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், பெரியவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து படிக்க வேண்டும். மாதம் எத்தனை மணி நேரச் சம்பளம் உறுதி, அதை நிறுவனம் தானாக மாற்றிக்கொள்ள ஷரத்து இருக்கிறதா, மாதத்தில் எத்தனை நாள் ஸ்டாண்ட்பை போடலாம், அதற்குத் தனிப்படி உண்டா, எந்த ஊரில் தளம், பயிற்சிச் செலவுக்குப் பாண்டு எத்தனை ஆண்டு, கடந்த மூன்று ஆண்டில் எத்தனை துணை விமானிகளைக் கேப்டன் ஆக்கினார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். துணை விமானி ராஜினாமா செய்தால் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017 முதல் அரசு விதியே இருக்கிறது, கேப்டனுக்கு ஓராண்டு. விமானியைப் பிடித்துவைக்கும் அந்த விதிக்கு இணையாக, காத்திருக்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று இயக்குநரகம் ஒரு விதி போட வேண்டும். சங்கங்கள் அடுத்து கேட்க வேண்டியதும் அதுதான்.

அதற்கும் முன்னால், ஒரு ரூபாய் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையும், அதைத் தொடர்ந்து முதல் வகுப்புப் பரிசோதனையும் முடித்துவிடுங்கள். நிறக்குருடு அங்கேதான் தெரியவரும். லட்சங்களைக் கட்டிய பிறகு அது தெரிந்தால், பயிற்சிப் பள்ளி பணத்தைத் திருப்பித் தரும் என்று எண்ண வேண்டாம்.